கவுண்ட் ஏறின பிறகு

அக்காவிடமிருந்து எடுத்த ஸ்டெம் செல் என் உடம்பில் ஏறி முடிய முக்கால் மணி நேரம்கூட ஆகவில்லை. ரத்தம் ஏற்றுவதுபோலவேதான், இளஞ்சிவப்பாக ஒரு பை. ‘இதுக்கா இத்தனை லட்சம்?’ என்று அன்று தோன்றியது. பத்தொன்பதாம் நாள் வெள்ளையணு (நியூட்ரோஃபில்) கவுண்ட் 500-ஐத் தாண்டி, மூன்று நாள் இறங்காமல் நின்றது. வார்டில் கைதட்டினார்கள். எல்லாம் முடிந்தது என்று நானும் நினைத்தேன். வைத்தியம் இனிமேல்தான் என்று நர்ஸ் சொன்னது காதில் விழுந்தது, மண்டையில் ஏறவில்லை.

எனக்கு வந்தது மைலோஃபைப்ரோசிஸ். வருடத்துக்கு லட்சம் பேரில் ஒருவருக்கு என்ற அளவில் வரும் ரத்தப் புற்றுநோய். எலும்பு மஜ்ஜை தழும்பேறி நாராகிவிடும். அங்கே ரத்தம் ஊற வழியில்லாததால் மண்ணீரல் அந்த வேலையை இழுத்துப் போட்டுக்கொண்டு வீங்கும், இரைப்பையை நெருக்கும். முதலில் காட்டிக்கொடுத்தது இட்லிதான். ஆறு சாப்பிடுகிறவன் இரண்டோடு கை கழுவினேன். ‘வயசாகுதுல்ல’ என்று நானே சொல்லிக்கொண்டேன். இடுப்பெலும்பில் ஊசி போட்டு உறிஞ்சினால் ஒரு சொட்டு மஜ்ஜை வரவில்லை. எலும்பையே ஒரு துண்டு எடுத்துச் சோதித்துத்தான் நோயின் பெயரைச் சொன்னார்கள். ருக்சோலிடினிப் மாத்திரை மண்ணீரலைச் சுருக்கியது, ஆனால் நோயைப் போக்கும் வழி ஸ்டெம் செல் மாற்று சிகிச்சை ஒன்றுதான். கூடப்பிறந்த ஒருவர் முழுதாகப் பொருந்த 25 சதவீத வாய்ப்பு. மூன்று பேரைச் சோதித்ததில் அக்கா பொருந்தினாள். பிள்ளை பெற்ற பெண்ணின் செல் ஆணுக்குப் போனால் எதிர்ப்பு சற்றுக் கூடுதலாக இருக்கும் என்று டாக்டர் தயங்கினார். வேறு ஆள் இல்லை.

டிஸ்சார்ஜ் ஆனாலும் நூறு நாள் ஊருக்குப் போகக்கூடாது. மருத்துவமனைக்கு அரை மணியில் போய்ச் சேரும் தூரத்தில் ஒற்றை அறை பிடித்தோம். பக்கத்தில் கட்டட வேலை எதுவும் நடக்காத தெருவாகப் பாருங்கள். அந்தப் புழுதியில் பூஞ்சை இருக்கும், நுரையீரலுக்கு ஆகாது. மனைவி ஒரு நாற்பது பக்க நோட்டு வாங்கி, காய்ச்சல், எடை, குடித்த தண்ணீர், மாத்திரை நேரம் என்று கோடு போட்டாள். வாத்தியாரான எனக்கே அது அதிகப்படியாகத் தெரிந்தது.

நாற்பத்தேழாம் நாள், ஞாயிறு இரவு. நோட்டில் ‘9.40 – 100.6’ என்று எழுதிவிட்டு, “ஏங்க, ஆஸ்பத்திரிக்குப் போன் பண்ணட்டுமா?” என்றாள். மறுநாள் எப்படியும் ரத்தப் பரிசோதனைக்குப் போகத்தானே போகிறோம் என்று ஒரு பாராசிட்டமாலைப் போட்டுக்கொண்டு படுத்தேன். காய்ச்சல் இறங்கியது, நான் வென்றதாக நினைத்தேன். விடியற்காலை மூன்று மணிக்குக் கட்டில் ஆடுமளவு நடுக்கம். நெஞ்சில் மாட்டியிருந்த லைனில் கிருமி. லைனைக் கழற்றி, பதினொரு நாள் உள்ளே வைத்திருந்தார்கள். 100.4 என்று காட்டினால் மணி என்ன என்று பார்க்காதீர்கள், மாத்திரையும் போடாதீர்கள், ஆட்டோவைக் கூப்பிடுங்கள். எதிர்ப்புச் சக்தி இல்லாத உடம்பில் கிருமி காலைவரை காத்திருக்காது.

சாப்பாட்டில் இட்லியை அடித்துக்கொள்ள ஆளில்லை. ஆவியில் வெந்தது, சூடாகத் தின்னலாம். வம்பு சட்னியில்தான். தாளித்துக் கொட்டினால் போதாது, அரைத்ததையே அடுப்பில் கொதிக்கவிட வேண்டும். ரசத்தை இறக்கின பிறகு மிளகுத்தூளும் மல்லித்தழையும் தூவுவது நிறுத்தப்பட்டது. பழைய சோறு கனவில் மட்டும். தயிருக்கு இடத்துக்கு இடம் ஒரு விதி, உங்கள் டாக்டர் சொல்வதுதான் சட்டம். ஒரு உறவினர் ஆசையாகப் பம்பளிமாஸ் வாங்கி வந்தார். அது, அக்கா செல்லின் எதிர்ப்பை அடக்க நான் விழுங்கும் சைக்ளோஸ்போரின் மருந்தின் அளவை ரத்தத்தில் ஏற்றிவிடும் என்று திருப்பிக் கொடுத்ததில் அவர் இன்றுவரை என்னோடு சரியாகப் பேசுவதில்லை. அந்த மருந்தின் லெவல் பார்க்கிற அன்று ரத்தம் கொடுத்த பிறகுதான் காலை மாத்திரை. முதலிலேயே விழுங்கிவிட்டால் அளவு பொய்யாகக் கூடிக் காட்டும். அந்த மருந்தில் கை நடுங்கும். வங்கியில் என் கையெழுத்து எனக்கே பொருந்தாமல் போனது.

நூற்று முப்பதாம் நாள் மொட்டை மாடியில் பத்து மணி வெயிலில் சும்மா நின்றேன். இரண்டே நாளில் கழுத்தும் கையும் சிவந்து எரிந்தன. அக்காவின் செல்கள் என் தோலை அந்நியமாகப் பார்க்கின்றன, அதற்கு ஜி.வி.எச்.டி. என்று பெயர், வெயில் அதைக் கிளப்பிவிடும். வாயும் கண்ணும் வறண்டன. ஸ்டீராய்டில் சர்க்கரை ஏறியது. வீட்டில் இதற்கு ‘அக்கா கோபம்’ என்று பெயர் வைத்தோம். மிச்சமிருக்கிற புற்று செல்லையும் அதே கோபம்தான் விரட்டும் என்று டாக்டர் சொன்ன பிறகு கொஞ்சம் பொறுத்துக்கொண்டேன். அக்காவோ போனில், “நான் எப்பம்ல உன்னைக் கோவிச்சேன்?” என்று அழுதாள்.

அசதியைப் பற்றி யாரும் நம்பமாட்டார்கள். முடி முளைத்து, முகம் தெளிந்துவிட்டால் ‘நல்லா ஆயிட்டீங்களே’ என்பார்கள். பதினாலு மாதம் கழித்துப் பள்ளிக்குப் போனபோது ஒரு பீரியட் முழுக்க நிற்க முடியவில்லை, நாற்காலி போட்டுக்கொண்டு பாடம் நடத்தினேன். வெட்கப்பட ஒன்றுமில்லை.

சின்ன வயதில் போட்ட தடுப்பூசிகளை உடம்பு மறந்துவிடும், மறுபடி வரிசையாகப் போட வேண்டும். ஊசி போடும் இடத்தில் அட்டையை நீட்டினால் “குழந்தை எங்க சார்?” என்றார்கள். தட்டம்மை போன்ற உயிருள்ள கிருமி ஊசிகள் மட்டும் குறைந்தது இரண்டு வருடம் கழித்து. என் ரத்தம் முன்பு ஏ பாசிட்டிவ், இப்போது அக்காவின் ஓ பாசிட்டிவ். ரத்தத்தை மட்டும் வைத்து குரோமோசோம் பார்த்தால் நான் பெண்!

எனக்கு ஏறிய பிளேட்லெட் 31 பை. மாற்று சிகிச்சைக்கு முன்னால் நெருங்கின ரத்த சொந்தம் கொடுக்கக்கூடாது. சென்னையில் வேலை பார்க்கிற என் பழைய மாணவர்கள்தான் முறைவைத்து வந்து கொடுத்தார்கள், அதில் இரண்டு பேர் என்னிடம் அடி வாங்கியவர்கள். எடுத்துவைத்த பை ஐந்து நாள்தான் தாங்கும், சேமித்துவைக்க வழியில்லை. உங்களுக்குத் தெரிந்தவர் யாராவது இந்தச் சிகிச்சையில் இருந்தால் பழம் வாங்கிக்கொண்டு பார்க்கப் போகாதீர்கள். ரத்த வங்கிக்குப் போய்க் கையை நீட்டுங்கள்.