வந்து சேராத பொருளுக்கு உள்ளூரிலேயே வழக்கு

கேள்வி: திண்டுக்கல்லைச் சேர்ந்த வாசகர் ஒருவர், இணைய விற்பனைத் தளம் ஒன்றில் 21,500 ரூபாயை முன்னதாகவே செலுத்தித் தையல் இயந்திரம் வாங்கினார். பொருள் வரவில்லை, செயலியோ 'ஒப்படைக்கப்பட்டது' என்று காட்டுகிறது. தளம் சூரத்திலுள்ள விற்பனையாளரைக் கைகாட்டுகிறது, அவர் பதிலளிப்பதில்லை. வழக்குகளைப் பெங்களூருவில்தான் தொடர வேண்டும் என்பது தளத்தின் நிபந்தனை. உள்ளூரில் வழக்குத் தொடர வழியுண்டா?

பதில்: வழியுண்டு. சிறு தொகை வழக்குகளுக்கெனச் சில நாடுகளில் தனி நீதிமன்றங்கள் இயங்குவது போல, இந்தியாவில் நுகர்வோருக்கு அப்பணியை மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையம் ஆற்றுகிறது. 2020 ஜூலையில் நடைமுறைக்கு வந்த 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் 34ஆம் பிரிவு, எதிர்த்தரப்பினர், அதாவது புகாருக்கு உள்ளானவர், தொழில் நடத்தும் இடத்தில் மட்டுமன்றி, புகார்தாரர் குடியிருக்கும் இடத்திலும் புகார் அளிக்கலாம் என்கிறது. 1986ஆம் ஆண்டுச் சட்டத்தில் இல்லாத இந்த உரிமையே, முகமறியா விற்பனையாளரை நம்பிப் பணம் கட்டிய எளியவருக்குப் புதிய சட்டம் தந்த மிகப் பெரிய பாதுகாப்பு. வாங்குபவர் எவரும் படித்துப் பார்க்காத நிபந்தனைகளின் நடுவே எழுதப்பட்ட ஒரு வரிக்கு அஞ்சி இதனைக் கைவிடலாகாது. நடுவர் மூலமே தீர்வு காண வேண்டும் என்ற நிபந்தனைகூட நுகர்வோர் ஆணையத்தை நாடத் தடையாகாது என்று எமார் எம்ஜிஎஃப் வழக்கில் 2018இல் உச்ச நீதிமன்றம் உறுதிசெய்துள்ளது.

வாங்கியது தையல் இயந்திரம் என்பதால், வணிக நோக்கத்திற்காக வாங்கியவர் நுகர்வோர் ஆகார் என்ற வாதம் எழக்கூடும். ஆயினும், சுயதொழில் செய்து பிழைப்பதற்காக மட்டுமே ஒருவர் வாங்கித் தாமே பயன்படுத்தும் பொருள் வணிக நோக்கத்தில் அடங்காது என்று சட்டமே விளக்குவதால், அவ்விவரத்தைப் புகாரில் தெளிவாக எழுதிவிட வேண்டும்.

புகாரில் தளம், விற்பனையாளர் ஆகிய இருவரையும் எதிர்த்தரப்பினராகச் சேர்ப்பதே அறிவுடைமை. ஒருவரை விட்டுவிட்டால், பொறுப்பு மற்றவருடையது என்று எஞ்சியவர் எளிதில் சொல்லிவிடுவார். விற்பனையாளரின் முகவரி தெரியாவிடில், பொருளை வாங்கியவர் எழுத்து மூலம் கேட்கும்போது அதனைத் தளம் தர வேண்டும் என்று 2020ஆம் ஆண்டின் மின்வணிக விதிகள் கட்டாயப்படுத்துகின்றன. அதே விதிகளின்படி, தளத்தின் குறைதீர் அலுவலர் 48 மணி நேரத்திற்குள் புகாரைப் பெற்றதாக ஒப்புகை தந்து, ஒரு மாதத்திற்குள் தீர்வு காண வேண்டும். அவ்வாறு செய்யத் தவறுவது சேவைக் குறைபாட்டுக்கு, அதாவது தர வேண்டிய சேவையில் நேர்ந்த குறைக்கு, மேலும் ஒரு சான்றாகும்.

இவ்வழக்கின் உயிர்நாடி 'ஒப்படைக்கப்பட்டது' என்ற பதிவே. பொருளை யார் பெற்றார், கையொப்பம் உள்ளதா, ஓடிபி எனப்படும் ஒருமுறைக் கடவுச்சொல் பெறப்பட்டதா என்பவற்றுக்கான ஆவணங்கள் எதிர்த்தரப்பினர் வசமே இருக்கும் என்பதால், அவற்றை முதலில் மின்னஞ்சலில் கேட்பதும், தர மறுத்தால் அவற்றைத் தாக்கல் செய்ய உத்தரவிடுமாறு ஆணையத்தை வேண்டுவதும் இன்றியமையாதவை. ஆர்டர் விவரம், பில், வங்கிக் கணக்கு விவரம், குறுஞ்செய்திகள் ஆகியவற்றுடன், கூறியவை உண்மை என்று உறுதியளிக்கும் பிரமாணப் பத்திரமும் இணைக்கப்பட வேண்டும். பணத்தைத் திரும்பப் பெறுவதோடு வட்டி, மன உளைச்சலுக்கான இழப்பீடு, வழக்குச் செலவு ஆகியவற்றையும் கோரலாம்.

செலுத்திய விலை 5 லட்சம் ரூபாய்வரை இருந்தால் கட்டணம் இல்லை, வழக்கறிஞரும் கட்டாயமில்லை, நுகர்வோர் ஆணையங்களுக்கான இ-ஜாக்ரிதி இணையதளம் வழியாக வீட்டிலிருந்தே புகார் பதியலாம். எதிர்த்தரப்பினர் 30 நாளில், மிஞ்சினால் மேலும் 15 நாளில் பதிலளித்தாக வேண்டும். வழக்கு 3 மாதங்களில் முடிய வேண்டும் என்று சட்டம் கூறினாலும் நடைமுறையில் அதைவிடக் கூடுதல் காலம் ஆவதுண்டு. அந்தத் தாமதம் எளியவரையே வருத்துகிறது. ஆணையத்தின் உத்தரவை நிறைவேற்றாதவருக்கு 72ஆம் பிரிவின்படி 3 ஆண்டுகள்வரை சிறைத்தண்டனை விதிக்க இயலும்.

வழக்குத் தொடரும் உரிமை எழுந்த நாளிலிருந்து 2 ஆண்டுகளுக்குள் புகார் பதியப்பட வேண்டும். நிறுவனத்துடன் கடிதப் போக்குவரத்து நடந்துகொண்டிருப்பதால் மட்டும் அக்காலவரம்பு நீளாது.