திரையில் தங்கம், போர்டில் கடுகு

கேள்வி: நகைக்கடை போர்டுக்கு வினைலில் தங்க நிறம் பிரிண்ட் செய்தால் கடுகு மஞ்சளாக வருகிறது. மெஷின் கோளாறா?

பதில்: மெஷின்மேல் பழி போடாதீர்கள். உலோகப் பளபளப்பு வெறும் நிறமல்ல. நாம் நகர நகர ஒளி மாறித் தெறிப்பது. சயான், மெஜந்தா, மஞ்சள், கறுப்பு நான்கையும் எப்படிக் கலந்தாலும் அந்தத் தெறிப்பு வராது. திரையில் பார்த்தது கிரேடியன்ட் காட்டும் வித்தை.

வெறும் எழுத்துதான் என்றால் பிரிண்ட்டே வேண்டாம். கோல்டு வினைல் ரோலை பிளாட்டரில் வெட்டி ஒட்டுங்கள். அதற்கு ஈடு இல்லை.

ஷேடு, பூவேலை எல்லாம் வேண்டுமென்றால் சில்வர் வினைல்மேல் பிரிண்ட் செய்யுங்கள். நம் இங்க் ஒளி ஊடுருவக்கூடியது. அடியிலுள்ள வெள்ளி மேலே தெரியும். மஞ்சளோடு கொஞ்சம் மெஜந்தா சேர்த்தால் தங்கம், மெஜந்தாவைக் கூட்டினால் செம்பு. ஆனால் போர்டில் அம்மன் படம் இருந்தால் அதன் முகமும் வெள்ளி பூசியதுபோல ஆகிவிடும். அந்த இடத்துக்கு அடியில் வெள்ளை இங்க் வேண்டும். இல்லையேல் படத்தை வெள்ளை வினைலில் தனியாக எடுத்து ஒட்டலாம்.

சில எக்கோ சால்வென்ட் மெஷின்களில் சில்வர் இங்க்கே உண்டு. அதிலுள்ள அலுமினியத் துகள் அடியில் படியும், ஹெட்டை அடைக்கும். தினமும் ஆர்டர் இல்லாத கடைக்கு அது தண்டச் செலவு என்பேன். எதில் அடித்தாலும் வெளியே வைப்பதற்கு லேமினேஷன் அவசியம்.

உள்ளே விளக்கெரியும் க்ளோ சைன் போர்டா? உலோகப் படலம் வெளிச்சத்தை மறைக்கும். பகலில் மின்னும் பெயர் இரவில் கறுப்பாகத் தெரியும். ஆர்டர் வாங்கும்போதே இதைக் கடைக்காரரிடம் சொல்லிவிடுங்கள்.