பாட்டு விக்கினால் உடனே கம்ப்யூட்டரை மாற்றாதீர்கள்



ராகிக் கொல்லையில் களை எடுக்கும்போது பாடும் பாட்டு ஒன்றை, தளி பக்கத்து மூத்த உறுப்பினர் ஒருவரைப் பாடச் சொல்லி நம் அலுவலகத்தில் பதிவு செய்தோம். தமிழும் தெலுங்கும் கன்னடமும் கலந்த பாட்டு. அவருக்குப் பிறகு அதைப் பாட ஆளில்லை. போட்டுக் கேட்டால் குரல் துண்டு துண்டாக விக்குகிறது! புது கம்ப்யூட்டருக்குக் கடன் வாங்கத் தீர்மானம் எழுதுகிற அளவுக்குப் போய்விட்டோம். பிறகுதான் தெரிந்தது, சுமை ஏற்றியது நாங்கள்தான் என்று.

கம்ப்யூட்டரில் கணக்குப் போடும் பாகம் பிராசசர். குரலுக்கு மண்டபத்தில் பாடுவது போன்ற முழக்கம் தரும் ரிவர்ப் முதலான சின்னச் சின்ன மென்பொருள்களுக்கு பிளகின் என்று பெயர். சிடி தரத்தில் ஒரு நொடிக் குரல் 44,100 துளிகளாகப் பதிவாகிறது. ஒவ்வொரு பிளகினும் அத்தனை துளிக்கும் கணக்குக் கேட்கும். விடை நேரத்துக்கு வராவிட்டால் சத்தம் அறுந்துபோகும்.

அடுத்தது பஃபர். கல்யாணப் பந்தியை நினைத்துப் பாருங்கள். சின்ன வாளியில் சாம்பார் எடுத்தால் இலைக்கு உடனே வரும், ஆனால் சமையல்கட்டுக்கு ஓடி ஓடிக் கால் வலிக்கும். பெரிய வாளி என்றால் ஓட்டம் குறையும், நிரப்பிக் கொண்டுவரத் தாமதமாகும். பஃபர் 128 துளி என்றால் ஏறக்குறைய 3 மில்லி நொடித் தாமதம். 1024 என்றால் 23. பாடுகிறவர் தன் குரலை ஹெட்ஃபோனில் கேட்டுக்கொண்டே பாடும்போது 23 கூட இடைஞ்சல்தான். அதனால் பதிவு செய்யும்போது பஃபரைக் குறைத்து, பிளகின்களை எல்லாம் அணைத்துவிடுங்கள். மிக்ஸிங் செய்யும்போது 1024க்கு ஏற்றிக்கொள்ளலாம், அப்போது யாரும் பாடப்போவதில்லை. நாங்கள் இதைத் தலைகீழாகச் செய்திருந்தோம்: பஃபர் 64, பன்னிரண்டு குரலுக்கும் தனித்தனி ரிவர்ப்!

ஒரே ரிவர்ப்பைத் தனி டிராக்கில் வைத்து, எல்லாக் குரலையும் அதற்கு அனுப்பினால் போதும். ஊருக்கு ஒரு மாவு மில் போதாதா என்ன?

வேலை முடிந்த டிராக்கை ஃப்ரீஸ் செய்யுங்கள். பிளகின் வேலை முடிந்த ஒலியாகவே அது சேமிக்கப்படும், பிராசசர் அதை வெறுமனே ஒலிக்கவிட்டால் போதும். திருத்தம் வந்தால் ஃப்ரீஸை எடுத்துவிடலாம். ரீப்பர் மென்பொருளில் இந்த வசதி இருக்கிறது. எந்த டிராக் எவ்வளவு சுமை தருகிறது என்றும் அதிலேயே பார்க்கலாம். மற்றபடி பிரவுசரை மூடுவது, லேப்டாப்பைச் சார்ஜரில் போடுவது எல்லாம் உங்களுக்குத் தெரிந்ததுதான்.

ஒரு விஷயத்தில் பயம் வேண்டாம். மிக்ஸிங்கின்போது கேட்கிற விக்கல் பெரும்பாலும் கடைசிக் கோப்பில் வராது. கோப்பாக மாற்றும்போது கம்ப்யூட்டர் நிதானமாகக் கணக்குப் போடுகிறது. ஆனால் பதிவின்போது விழுந்த விக்கலை எந்த பிளகினும் முழுசாகச் சரிசெய்யாது.

அந்த அம்மா மறுபடி வந்து பாடிக்கொடுத்தார். பதிவு சுத்தமாக வந்தது. முதல் நாள் பாடிய இரண்டு அடிகள் மட்டும் அன்றைக்கு அவருக்கு நினைவுக்கு வரவில்லை.