ரசீதில் ஒட்டிய ஓரணா

சென்ற ஜனவரியில் என் மகன் வீட்டுக்காரரின் கையெழுத்தோடு ஒரு வாடகை ரசீதை எடுத்து வந்தான். "அப்பா, ஆபீஸில் கேட்கிறார்கள். இதில் ஒட்ட ஒரு ரெவின்யூ ஸ்டாம்பு இருக்கிறதா?" என்றான். "முதலில் ஸ்டாம்பு, பிறகுதான் கையெழுத்து. திரும்பப் போய் வாங்கி வா" என்றேன். அவனுக்குக் கோபம். அந்தக் கோபத்துக்குப் பதிலாகத்தான் இந்தக் கட்டுரை.

ரெவின்யூ ஸ்டாம்பின் மீது தபால்காரர் முத்திரை குத்துவதில்லை. ஒட்டுகிறவரே அதைச் செல்லாததாக்க வேண்டும் என்பது 1899-ஆம் ஆண்டு இந்திய முத்திரைச் சட்டத்தின் விதி. அதனால்தான் கையெழுத்தின் பாதி ஸ்டாம்பிலும் மீதி தாளிலும் விழும்படி போடுகிறோம். பிய்த்தெடுத்து வேறு ரசீதில் ஒட்டினால் பாதிப் பெயரே காட்டிக் கொடுத்துவிடும்.

எழுதும் தாளுக்கு வரி வாங்கும் யோசனை ஹாலந்து நாட்டில் 1624-இல் பிறந்தது. இங்கிலாந்து 1694-இல் அதைக் கைக்கொண்டது. 1765-இல் அமெரிக்கக் குடியேற்றங்களின் மேல் இதே வரியைச் சுமத்தப் போய், எதிர்ப்பு தாங்காமல் அடுத்த ஆண்டே கைவிட்டது. நம் நாட்டில் கிழக்கிந்தியக் கம்பெனி 1797-இல் வங்காளத்தில் தொடங்கி, பிறகு சென்னைக்கும் பம்பாய்க்கும் விரிவாக்கியது. 1899-ஆம் ஆண்டுச் சட்டப்படி 20 ரூபாய்க்கு மேற்பட்ட ரசீதுக்கு ஓரணா. அது பைசாவாகி, 1994-இல் 500 ரூபாய்க்கு மேல் என்றால் ஒரு ரூபாய் என்றாயிற்று. 2004-இல் அந்த வரம்பு 5,000 ரூபாயாக உயர்ந்தது. ரசீதுக்கான கட்டணத்தை நிர்ணயிப்பது மத்திய அரசு. ஆகவே ஓசூரிலும் பெங்களூரிலும் அதே ஒரு ரூபாய்தான். வீட்டுக் கிரயப் பத்திரத்துக்கு மட்டும் மாநிலத்துக்கு மாநிலம் கணக்கு வேறு. இங்கே அதற்குக் கர்நாடக முத்திரைச் சட்டம், 1957 உண்டு.

சேகரிப்பவர்களுக்குப் பெங்களூர் ஒரு விசேஷமான ஊர். 1881-இல் மைசூர் அரசு மீண்டும் உடையார் கைக்கு வந்தபோது, நம்மவர் 'தண்டு' என்று சொல்லும் கண்டோன்மெண்ட் மட்டும் ஆங்கிலேயரிடமே நின்றது. 1947 ஜூலையில்தான் அது மைசூரோடு சேர்ந்தது. அதுவரை கப்பன் பூங்காவுக்கு அந்தப் பக்கம் பேட்டையில் மைசூர் சட்டம், இந்தப் பக்கம் அல்சூரிலும் சிவாஜி நகரிலும் ஆங்கிலேயர் சட்டம். பேட்டையில் எழுதிய பத்திரத்தில் கண்டபேருண்டப் பறவை இருக்கும். தண்டில் எழுதியதில் மன்னர் ஜார்ஜின் தலை இருக்கும். வட ஆற்காட்டிலிருந்து வந்து தண்டில் குடியேறிய நம் தாத்தாக்கள் எந்த ஆட்சியின் கீழ் வாழ்ந்தார்கள் என்பதற்கு இந்தச் சிறு தாள்களே சாட்சி.

மைசூர் அரசு தபால் தலை வெளியிட்டதில்லை. பழம்பெருமை வாய்ந்த அதன் 'அஞ்செ' தபால் 1889-இல் இந்தியத் தபாலோடு இணைந்துவிட்டது. அந்த அரசின் பெயரில் ஸ்டாம்பு வேண்டுமென்றால் வரி முத்திரைகளையும் கோர்ட்டு முத்திரைகளையும்தான் தேட வேண்டும். சமஸ்தானங்களின் இத்தகைய முத்திரைகளுக்குக் கெப்பல், மேனர்ஸ் என்ற இருவர் தயாரித்த அட்டவணை நூல் ஒன்று இருக்கிறது.

தபாலும் வரியும் ஒன்றின் வேலையை மற்றொன்று செய்ததும் உண்டு. 1866-இல் தபால் தலை தட்டுப்பட்டபோது, வரி முத்திரையின் மேலும் கீழும் வெட்டிவிட்டு, 'போஸ்டேஜ்' என்று அச்சடித்து ஆறணாத் தபால் தலையாக விற்றார்கள். 1906-இல் வந்த ஓரணாத் தலையில் தபால், வரி இரண்டும் எழுதியிருக்கும். 1971-இல் வங்காள அகதிகளுக்காகக் கடிதங்களுக்கு 5 பைசா கூடுதல் வரி விதித்தபோது, குடும்பக் கட்டுப்பாட்டுத் தபால் தலையின் மேல் 'அகதி நிவாரணம்' என்று அச்சிட்டார்கள். நாசிக்கில் அச்சிட்டது போதாமல் பெங்களூரிலும் அச்சிட்டதுண்டு. அது கிடைத்தால் விடாதீர்கள்.

இனி என் கதை. 1967-இல் எனக்குப் பத்து வயது. ஸ்டாம்பு சேர்க்கும் பைத்தியம். பரண் மேலிருந்த தகரப் பெட்டியில் தாத்தாவின் மூன்று ரசீதுகளைக் கண்டேன். ஒவ்வொன்றிலும் ஐந்தாம் ஜார்ஜ் ஓரணா. கத்தரியால் வெட்டித் தாம்பாளத் தண்ணீரில் ஊறப் போட்டேன். மை கரைந்து தண்ணீர் ஊதாவானது. மீதித் தாள் வெந்நீர் அடுப்புக்குப் போயிற்று.

அல்சூர் வீட்டுக்குப் பக்கத்துச் சந்தை எங்கள் தாத்தா 75 ரூபாய்க்கு வாங்கி, 25 ரூபாயாக மூன்று தவணையில் கொடுத்திருந்தார். நூறு ரூபாய்க்குட்பட்ட இடத்துக்குப் பதிவு கட்டாயமில்லாத சட்டம். ஆகவே பத்திரம் இல்லை; அந்த மூன்று ரசீதுகள்தான். இரண்டு வருடம் கழித்துப் பக்கத்து வீட்டார் சுவர் எழுப்ப வந்தபோது அப்பா பெட்டியைத் திறந்தார். நான் வாயே திறக்கவில்லை. பஞ்சாயத்தில் ஒன்றரை அடி போயிற்று. இன்றும் அந்தச் சந்தில் குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு நேராக நடக்க முடியாது. அந்த மூன்று ஓரணாவும் என் ஆல்பத்தில் இருக்கின்றன. மூன்றிலும் '...சாமி' என்று மட்டும் தெரிகிறது. முனிசாமியா, கந்தசாமியா, யாரிடம் வாங்கினார் என்று சொல்ல யாரும் இல்லை.

ஆகவே சேகரிக்க விரும்பும் பிள்ளைகளுக்குச் சில சொற்கள். தபால் தலையைத் தண்ணீரில் ஊற வைக்கலாம். ரெவின்யூ ஸ்டாம்பை ஊற வைக்கக் கூடாது. மறுபடி பயன்படுத்த முடியாதபடி, கழுவினால் கரையும் மையில் இவற்றை அச்சிடும் வழக்கம் உண்டு. கையெழுத்து மையும் போய்விடும். பத்திரம், ரசீது, புரோநோட் எதுவானாலும் முழுத் தாளாகவே வையுங்கள். சேகரிப்பவர்களும் முழுத் தாளையே அதிகம் விரும்புகிறார்கள். முப்பது ஆண்டு கடந்த ஆவணம் உரிய இடத்திலிருந்து வந்தால், அதிலுள்ள கையெழுத்து உண்மையானது என்று நீதிமன்றம் எடுத்துக்கொள்ளலாம். வெட்டிய தாளுக்கு அந்த மதிப்பு கிடைப்பது சந்தேகம். கிழிந்த மடிப்பில் செலோடேப் ஒட்டாதீர்கள், சில வருடங்களில் மஞ்சளாகித் தாளையும் தின்றுவிடும். காகித உறையில் வைத்து, ஒரு படம் எடுத்துக்கொண்டால் போதும்.

பழைய பத்திரத்தாளை விலைக்கு வாங்குகிறவர்கள் மட்டும் கொஞ்சம் யோசியுங்கள். 2001-இல் கைதான தெல்கியின் கள்ள முத்திரைத்தாள்கள் எத்தனை ஊர் சுற்றின என்பது நாடறிந்த கதை. அதற்குப் பிறகுதான் கர்நாடகத்தில் கணினியில் எடுக்கும் இ-ஸ்டாம்பு வந்தது. கோந்து தடவி ஒட்ட இந்த ஒரு ரூபாய் ஸ்டாம்பு இருக்கிறது.

தண்டில் எழுதிய தாள் ஒன்றும் பேட்டையில் எழுதிய தாள் ஒன்றும் ஒரே வீட்டில் வைத்திருக்கும் அன்பர்கள் நம் சங்கத்தில் யாராவது இருந்தால் சொல்லுங்கள். வந்து பார்க்க எனக்கு ஆசை. கத்தரி கொண்டுவர மாட்டேன்.