லெட் செப்பலினின் நான்காவது தட்டு: ஹார்டு ராக்கா, முற்போக்கு ராக்கா?



ராக் என்றதும் நமக்கு சமூக அறிவியல் பாடத்தில் வரும் பாறைதான் ஞாபகத்துக்கு வரும். இது அந்தப் பாறை இல்லை. ஆடுவது, அசைவது என்ற பொருளில் வந்த பெயர். இங்கிலாந்தைச் சேர்ந்த லெட் செப்பலின் என்ற குழு 1971 நவம்பர் 8-ஆம் தேதி தனது நான்காவது இசைத்தட்டை வெளியிட்டது. அட்டையில் தட்டின் பெயரும் இல்லை, குழுவின் பெயரும் இல்லை. அதனால் எல்லோரும் "நான்காவது தட்டு" என்றே சொல்லுகிறார்கள். அமெரிக்காவில் மட்டும் 2 கோடிக்கு மேல் விற்றதாகச் சான்று பெற்ற தட்டு இது.

இதை ஹார்டு ராக் என்று ஒரு சாரார் சொல்கிறார்கள். இல்லை, இது முற்போக்கு ராக் என்று இன்னொரு சாரார் சொல்கிறார்கள். இரண்டில் எது சரி என்று ஆராய்வதே இந்தக் கட்டுரையின் நோக்கம்.

குழுவில் நால்வர்: கிடார் ஜிம்மி பேஜ், பாட்டு ராபர்ட் பிளான்ட், பேஸ் கிடாரும் கீபோர்டும் ஜான் பால் ஜோன்ஸ், டிரம்ஸ் ஜான் போனம். 1980-இல் போனம் இறந்ததும் குழு கலைந்தது.

இரண்டு சொற்களுக்கும் பொருள் என்ன?

ஹார்டு ராக் என்றால் சத்தமான மின்கிடார், கனமான டிரம்ஸ், உரத்த குரல். இதன் வேர் அமெரிக்கக் கறுப்பின மக்களின் புளூஸ் இசை. கிடாரில் ஒரு சின்னத் துண்டை வைத்துக்கொண்டு அதையே திரும்பத் திரும்ப வாசிப்பார்கள். அந்தத் துண்டுக்கு ரிஃப் என்று பெயர்.

முற்போக்கு ராக் 1960-களின் கடைசியில் இங்கிலாந்தில் வளர்ந்தது. ஐரோப்பிய செவ்வியல் இசை, ஜாஸ், நாட்டுப்புற இசை எல்லாவற்றையும் ராக்கோடு சேர்த்தார்கள். 1969-இல் வந்த கிங் கிரிம்சன் குழுவின் முதல் தட்டு இதற்குப் பெரிய எடுத்துக்காட்டு. அதில் மெலோட்ரான் என்ற கருவி வரும். கட்டையை அழுத்தினால் முன்பே பதிவு செய்த வயலின் ஒலிநாடா உள்ளே ஓடும்! 1972-இல் யெஸ் குழு வெளியிட்ட 'குளோஸ் டு தி எட்ஜ்' தட்டில் மொத்தமே மூன்று பாட்டுதான். அதில் ஒரு பாட்டு 18 நிமிடத்துக்கு மேல் ஓடி ஒரு பக்கம் முழுவதையும் நிரப்பும். அதே ஆண்டு ஜெத்ரோ டல் குழு இரண்டு பக்கத்துக்கும் சேர்த்து ஒரே பாட்டாக 'திக் ஆஸ் எ பிரிக்' தட்டை வெளியிட்டது.

நான்கு சோதனைகள்

நான்காவது தட்டில் 8 பாட்டுகள். சும்மா "எனக்கு அப்படித்தான் தோணுது" என்று சொன்னால் அது ஆராய்ச்சி ஆகாது. ஆகவே ஒவ்வொரு பாட்டையும் நான்கு கேள்விகளால் சோதிப்போம்.

சோதனை 1: பாட்டு பகுதி பகுதியாக மாறி வளர்கிறதா?

'ஸ்டேர்வே டு ஹெவன்' இதில் முழு மதிப்பெண் வாங்கிவிடும். 8 நிமிடப் பாட்டு. மின்சாரம் இல்லாத கிடாரும், ரெக்கார்டர் என்ற மரக்குழலும் மெதுவாக ஆரம்பிக்கும். டிரம்ஸ் எங்கேடா என்று தேட வேண்டியிருக்கும். 4 நிமிடத்துக்குப் பிறகுதான் அது உள்ளே வரும். பிறகு கிடார் தனி வாசிப்பு, அதன் பின் வேகமான ராக், கடைசியில் குரல் மட்டும் தனியாக நின்று முடியும். வந்த வழிக்குத் திரும்பிப் போகாத பாட்டு இது. மற்ற 7 பாட்டுகளில் இப்படி எதுவும் இல்லை.

சோதனை 2: தாளக் கணக்கு மாறுகிறதா?

பெரும்பாலான ராக் பாட்டு நாலு எண்ணிக்கை. தகதிமி, தகதிமி என்று தட்டிக்கொண்டே போகலாம். ஆனால் 'ஃபோர் ஸ்டிக்ஸ்' பாட்டில் ஐந்தும் ஆறும் வரும். தகதகிட என்று ஐந்து, தகிடதகிட என்று ஆறு. போனம் கைக்கு இரண்டாக நாலு குச்சி பிடித்து வாசித்ததால்தான் அந்தப் பெயர். இந்தப் பாட்டை 1972-இல் பேஜும் பிளான்ட்டும் பம்பாய்க்கு வந்து, அங்குள்ள இசைக் கலைஞர்களோடு மறுபடியும் பதிவு செய்தார்கள். அந்தப் பதிவு 2015-இல்தான் வெளிவந்தது.

'பிளாக் டாக்' பாட்டில் வேறொரு வேடிக்கை. டிரம்ஸ் நாலு நாலாகவே போகும். கிடார் ரிஃப் மட்டும் விலகிப் போய்ப் பிறகு வந்து சேரும். இதைப் புரிந்துகொள்ள வகுப்பிலேயே ஒரு சோதனை செய்யலாம். ஒரு வரிசையினர் 4 எண்ணி முதல் எண்ணுக்கு மட்டும் கை தட்டுங்கள். அடுத்த வரிசையினர் அதே வேகத்தில் 5 எண்ணி முதல் எண்ணுக்குத் தட்டுங்கள். தட்டல்கள் விலகிவிடும். 20 எண்ணிக்கை முடிந்ததும் மறுபடி சேரும். ஏனெனில் 4, 5-இன் மீ.சி.ம. 20! (இடைவேளையில் செய்யவும். பக்கத்து வகுப்பு ஆசிரியர் வந்தால் நான் பொறுப்பில்லை.)

ஆக, சோதனை 2-இல் இரண்டு பாட்டு தேறுகிறது.

சோதனை 3: வேறு வகை இசை கலந்திருக்கிறதா?

'தி பேட்டில் ஆஃப் எவர்மோர்' பாட்டில் மாண்டலின் உண்டு, டிரம்ஸ் கிடையாது. சாண்டி டென்னி என்ற பாடகி பிளான்ட்டோடு சேர்ந்து பாடுகிறார். 'கோயிங் டு கலிபோர்னியா' பாட்டிலும் டிரம்ஸ் இல்லை. இரண்டும் நாட்டுப்புற இசை வாசம் உடையவை. 'ஸ்டேர்வே'-யின் தொடக்கத்தையும் சேர்த்தால் மூன்று. ஆனால் நாட்டுப்புற இசையை ராக்கில் கலந்தவர்கள் முற்போக்குக் குழுக்களுக்கு முன்பே இருந்தார்கள். எனவே இதற்குப் பாதி மதிப்பெண்தான் தர முடியும்.

சோதனை 4: தட்டு முழுவதும் ஒரே கருத்தா?

இல்லை. எட்டுப் பாட்டும் எட்டுத் திசை. ஆனால் நியாயமாகப் பார்த்தால், கிங் கிரிம்சனின் முதல் தட்டிலும் ஒரே கதை கிடையாது. அதை எல்லோரும் முற்போக்கு என்றுதான் சொல்கிறார்கள். ஆகவே இந்தச் சோதனையை மட்டும் வைத்து யாரையும் தள்ளிவிடக் கூடாது.

நீளம் வேறு, வளர்ச்சி வேறு

"கடைசிப் பாட்டு 'வென் தி லெவி பிரேக்ஸ்' 7 நிமிடம் ஓடுதே, அதுவும் முற்போக்குதானே?" என்று சிலர் கேட்கலாம். இந்தப் பாட்டில்தான் விடை ஒளிந்திருக்கிறது.

ஹெட்லி கிரேஞ்ச் என்பது ஹாம்ப்ஷயரில் உள்ள பழைய பெரிய வீடு. அங்கே மாடிப்படிக்குக் கீழே டிரம்ஸை வைத்து, மேலேயிருந்து இரண்டு மைக்கைத் தொங்கவிட்டுப் பதிவு செய்தார்கள். அதனால்தான் அந்தத் தாளம் ஏதோ குகைக்குள்ளிருந்து வருவது போல் கேட்கிறது. 7 நிமிடமும் அந்தத் தாளம்தான் பாட்டைத் தாங்குகிறது. 'ஸ்டேர்வே' போல புதுப்புது இடத்துக்கு அது போகவில்லை. நின்ற இடத்திலேயே நின்று கனம் கூடுகிறது. ஆற்றில் தண்ணீர் ஏறுவது போல.

முற்போக்கு ராக் வளர நினைத்தால் அடுத்த பகுதிக்குப் போகும். புளூஸ் வளர நினைத்தால் அதே இடத்தை இன்னும் ஆழமாகத் தோண்டும். இந்தத் தட்டில் பெரும்பாலான பாட்டுகள் இரண்டாவது வழியில்தான் போகின்றன.

இன்னொரு சான்று. 'ஃபோர் ஸ்டிக்ஸ்' பாட்டு சரியாக வராமல் குழு திணறிக்கொண்டிருந்தபோது, போனம் திடீரென்று ஒரு பழைய ராக் பாட்டின் தாளத்தை வாசிக்க, பேஜ் கூடவே சேர்ந்துகொண்டார். அப்படிக் கொஞ்ச நேரத்தில் பிறந்ததுதான் 'ராக் அண்ட் ரோல்'. கஷ்டமான கணக்கில் மாட்டிக்கொண்டவர்கள், கைக்குப் பழகிய 12 அளவு புளூஸுக்குத் திரும்பிப் போனார்கள். இவர்களுடைய வீடு எது என்று இதிலிருந்தே தெரிகிறது.

அப்படியானால் ஏன் இந்தச் சண்டை?

முதல் காரணம், சொல்லின் பொருள் மாறியது. 1970-ஐ ஒட்டிய ஆண்டுகளில் இங்கிலாந்தில் "முற்போக்கு" என்பதைப் பரவலாகப் பயன்படுத்தினார்கள். உட்கார்ந்து கவனமாகக் கேட்க வேண்டிய ராக் எல்லாவற்றுக்கும் அந்தப் பெயர் போகும். பிறகு அது யெஸ், ஜெனிசிஸ் போன்ற குழுக்களின் பாணிக்கு மட்டும் என்று சுருங்கிவிட்டது. தமிழில் "நாற்றம்" முன்பு நறுமணத்தைக் குறித்தது. இப்போது அப்படிச் சொன்னால் அடிக்க வருவார்கள். சொல் அதேதான், பொருள்தான் வேறு. எனவே அந்தக் காலத்து ஆள் ஒருவர் இதை முற்போக்கு என்று சொன்னால் அவர் சொன்னதும் தப்பில்லை.

இரண்டாவது காரணம்தான் முக்கியம். "முற்போக்கு" என்றால் உயர்ந்தது, மற்றது பிற்போக்கு என்று பலர் மனதில் ஒரு எண்ணம் இருக்கிறது. தட்டு நன்றாக இருப்பதால் அதை உயர்ந்த பெட்டிக்குள் தூக்கி வைக்கப் பார்க்கிறார்கள். அப்படிச் செய்தால் யாருடைய பெயர் மறைந்து போகும் தெரியுமா?

'வென் தி லெவி பிரேக்ஸ்' லெட் செப்பலின் புதிதாக உருவாக்கிய பாட்டு இல்லை. 1927-இல் மிசிசிப்பி ஆற்றின் கரைகள் உடைந்து பெருவெள்ளம் வந்தது. லட்சக்கணக்கானோர் வீடு இழந்தார்கள். கறுப்பினக் கூலித் தொழிலாளர்களைக் கட்டாயப்படுத்திக் கரையில் வேலை வாங்கினார்கள். அந்த வெள்ளத்தைப் பற்றி 1929-இல் மெம்ஃபிஸ் மின்னி என்ற பெண்ணும் அவர் கணவர் கான்சாஸ் ஜோ மெக்காயும் பதிவு செய்த பாட்டு இது. மெக்காய் பாடினார், மின்னி கிடார் வாசித்தார். தட்டில் குழுவினர் நால்வர் பெயரோடு மெம்ஃபிஸ் மின்னி பெயரும் இருக்கிறது.

அந்தப் பாட்டின் வலிமை அவர்களிடமிருந்து வந்தது. அதில் செவ்வியல் இசை இல்லை, ஐந்து எண்ணிக்கை இல்லை, 18 நிமிடம் இல்லை. "நல்லா இருக்கு, அதனால முற்போக்கு" என்று சொல்லிவிட்டால், புளூஸ் தன் பெயரிலேயே நல்லதாக இருக்க முடியாது என்று சொன்ன மாதிரி ஆகிவிடும். இது மெம்ஃபிஸ் மின்னிக்குச் செய்யும் அநியாயம் இல்லையா?

முடிவுரை

1. இந்தத் தட்டு ஹார்டு ராக். வேர் புளூஸ், கிளை நாட்டுப்புற இசை.
2. 'ஸ்டேர்வே டு ஹெவன்' மட்டும் முற்போக்கு ராக்கின் வழியில் கட்டப்பட்ட பாட்டு. 'பிளாக் டாக்', 'ஃபோர் ஸ்டிக்ஸ்' இரண்டும் தாளத்தில் மட்டும் அதன் பக்கத்தில் வருகின்றன.
3. எட்டில் ஒன்று முழுதாகவும் இரண்டு பாதியாகவும் தேறினால், தட்டு முழுவதையும் முற்போக்கு என்று சொல்ல முடியாது.
4. ஏ பிரிவு, பி பிரிவு என்பது எந்த வகுப்பறை என்று சொல்லும். யாருக்கு எத்தனை மார்க் என்று சொல்லாது. இசையின் வகைப் பெயர்களும் அப்படித்தான்.

யோசித்துப் பாருங்கள்: இதே குழு 1973-இல் வெளியிட்ட ஐந்தாவது தட்டில் 'தி ரெய்ன் சாங்' என்ற பாட்டில் மெலோட்ரான் வாசித்திருக்கிறார்கள். ஒரு கருவியை எடுத்து வாசித்தால் மட்டும் வகை மாறிவிடுமா? மேலே சொன்ன நான்கு சோதனைகளையும் வைத்து நீங்களே விடை கண்டுபிடித்து, அடுத்த இதழுக்கு எழுதித் தாருங்கள்.



இப்படிக்கு,
9-ஆம் வகுப்பு மாணவி