இளைப்பு நோயும் இளைக்காத நெஞ்சமும்

ஐப்பசி பிறந்ததும் தில்லிவாழ் தமிழர் இல்லங்களில் தீபாவளி பட்சணத்துக்கான ஏற்பாடுகள் தொடங்கிவிடும். இளைப்பு நோயாளி உள்ள வீடுகளில் கூடவே மற்றொரு வேலையும் நடக்கும்: மருந்து அலமாரியைத் திறந்து எது இருக்கிறது, எது தீர்ந்தது என்று பார்ப்பது. அன்று முதல் தை முடியும்வரை தலைநகரின் காற்று கனத்துவிடும். குளிர்ந்த காற்று தரையோடு தங்க, வாகனப் புகையும், வயல்களில் எரிக்கும் வைக்கோலின் புகையும், தூசியும் மேலே கலைந்து போக வழியின்றி நம் மூக்கின் மட்டத்திலேயே நிற்கும். ஆரோக்கியமானவர்களே இருமும் காலம் இது. ஆஸ்துமாவோ, நாட்பட்ட நுரையீரல் அடைப்பு நோயோ உள்ளவர்களின் பாட்டைச் சொல்ல வேண்டியதில்லை.

இந்நோய்கள் பெரும்பாலும் ஆயுள் முழுவதும் கூட வருபவை. ஆகவே ‘எப்போது போகும்?’ என்று கேட்டுக்கொண்டிருப்பதைவிட, ‘இதை வைத்துக்கொண்டு எப்படி நன்றாக வாழ்வது?’ என்று கேட்பதே பயன் தரும். அதற்கு வேண்டிய மன உறுதி பிறவியிலேயே சிலருக்கு மட்டும் வாய்த்த வரம் என்று பலரும் எண்ணுகிறோம். நடைமுறையில் அது சின்னச் சின்னப் பழக்கங்களால் நாள்தோறும் சேர்வது. இந்தப் பாடத்தின் சாரம் இதுதான்.

இரண்டு நோய்கள்

ஆஸ்துமாவில் மூச்சுக்குழல்களின் உட்புறம் அழற்சியால் வீங்கி, சுற்றியுள்ள தசைகள் இறுகுகின்றன. சரியான மருந்தால் இந்த இறுக்கம் பெரும்பாலும் தளரும். உலக சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி 2019-இல் உலகில் 26 கோடியே 20 லட்சம் பேருக்கு ஆஸ்துமா இருந்தது.

நாட்பட்ட அடைப்பு நோயில் ஏற்படும் குறுக்கம் முழுமையாக நீங்குவதில்லை. 2021-இல் இந்நோய் 35 லட்சம் உயிர்களைக் கொண்டுபோனதாக அதே நிறுவனம் கூறுகிறது. புகைபிடித்தல் முதற்காரணம். ஆனால் பீடி, சிகரெட்டைத் தொட்டே அறியாத நம் பாட்டிமார் பலருக்கும் இது வந்திருக்கிறது. விறகும் வரட்டியும் எரித்த அடுப்பின் முன் பல்லாண்டுகள் குனிந்து ஊதியதன் விளைவு அது. புகைப்பவர்கள் எந்த வயதில் விட்டாலும் நன்மை உண்டு. இழந்த நுரையீரல் திறன் திரும்பாவிட்டாலும், மேலும் குறையும் வேகம் தணிகிறது என்பதை 1977-இல் பிளெட்சர், பீட்டோ என்னும் ஆங்கிலேய ஆய்வாளர்கள் விளக்கிக் காட்டினர்.

அச்சம் என்னும் சுழல்

இளைப்பு நோயாளிக்குக் காற்று உள்ளே போகவில்லை என்றே தோன்றும். உண்மையில் பெரிய சங்கடம் வெளியே விடுவதில்தான். குறுகிய குழல்களின் வழியே பழைய காற்று முழுதும் வெளியேறுவதற்குள் அடுத்த மூச்சு வந்துவிடுகிறது. மார்பு காற்றால் நிரம்பி, புதுக் காற்றுக்கு இடமில்லாமல் போகிறது. அப்போது மனம் அஞ்சுகிறது. அஞ்சினால் மூச்சு வேகமாகிறது. வேகமானால் இன்னும் அதிகக் காற்று உள்ளே அடைபடுகிறது. இது சில நிமிடங்களில் சுழலும் சுழல்.

மாதக் கணக்கில் சுழலும் சுழல் ஒன்றும் உண்டு. இளைக்கிறதே என்று மாடிப்படியைத் தவிர்க்கிறோம். பிறகு கடைக்குப் போவதை நிறுத்துகிறோம். உழைக்காத கால் தசைகள் வலுவிழக்கின்றன. வலுவற்ற தசைகள் சிறு வேலைக்கும் அதிகக் காற்றைக் கேட்கின்றன. இளைப்பு கூடுகிறது. பிறகு கோயில் இல்லை, கல்யாணம் இல்லை, சங்கத்தின் ஆண்டு விழா இல்லை. லிப்ட் இல்லாத டி.டி.ஏ. அடுக்குமாடி வீட்டின் மூன்றாம் தளத்தில் ஜன்னலோரமே உலகம் என்றாகிவிடுகிறது. நுரையீரல் கெட்ட அளவைவிட வாழ்க்கை அதிகமாகச் சுருங்கிவிடுவது இப்படித்தான்.

மூச்சுத் திணறல் என்னும் உணர்வை ஆராய்ந்ததில் நம் தில்லிக்கும் பங்குண்டு. 1949-இல் நிறுவப்பட்ட வல்லபபாய் படேல் மார்பு நோய் நிறுவனம் தில்லிப் பல்கலைக்கழக வளாகத்தில் உள்ளது. இதை நீண்டகாலம் வழிநடத்திய டாக்டர் ஏ.எஸ். பெயின்டல், நுரையீரலின் நுண்ணிய இரத்தக் குழாய்களுக்கு அருகிலுள்ள நரம்பு முனைகளைக் கண்டறிந்தார். ஜே-உணர்விகள் எனப்படும் அவை, நுரையீரல் திசுவில் நீர் கோக்கும்போது மூளைக்குச் செய்தி அனுப்புகின்றன. 1981-இல் இலண்டன் ராயல் சொசைட்டி அவரைத் தன் உறுப்பினராக்கியது. நுரையீரலும், தசையும், இரத்தமும் அனுப்பும் செய்திகளோடு மனத்தின் அச்சமும் சேர்ந்தே திணறலாகிறது. ஆகவே அச்சத்தைத் தணிப்பதும் மருத்துவத்தின் ஒரு பகுதியே.

உதடு குவித்து விடும் மூச்சு

இரு சுழல்களில் முதலாவதை அறுக்க எளிய பயிற்சி ஒன்று இருக்கிறது. தோள்களைத் தளர்த்தி உட்காருங்கள். ஒன்று, இரண்டு என்று எண்ணியபடி மூக்கால் மெல்ல இழுங்கள். சூடான காபியை ஆற்ற ஊதுவதுபோல் உதடுகளைக் குவித்து, நான்கு எண்ணும்வரை நிதானமாக வெளியே விடுங்கள். பலம் போட்டு ஊத வேண்டாம். குவிந்த உதடுகள் தரும் சிறு எதிர்ப்பினால் குழல்கள் சற்று நேரம் திறந்திருக்க, தங்கிய காற்று வெளியேறுகிறது. முன்புறம் சாய்ந்து முழங்கைகளைத் தொடைமீதோ மேசைமீதோ ஊன்றிக்கொண்டால் இன்னும் எளிது.

நெருப்பு பிடித்த பின் கிணறு வெட்ட முடியாது. திணறல் இல்லாத வேளைகளில் தினம் இரண்டு மூன்று முறை ஐந்து நிமிடம் பழகினால்தான் திணறும்போது கைகொடுக்கும். பிராணாயாமம் பழகுவோர் மூச்சை வலிந்து அடக்குவதையும் வேகமாக ஊதுவதையும் மருத்துவரைக் கேட்காமல் செய்யலாகாது.

படியேறும்போதும் இதே முறைதான். இராமகிருஷ்ணபுரம் மலை மந்திரின் படிகளை நினைத்துக்கொள்ளுங்கள். நின்று மூச்சை இழுத்து, ஒன்றிரண்டு படிகள் ஏறும்போது வெளியே விட்டு, மறுபடி நிற்க வேண்டும். பின்னால் வருபவர்கள் முந்திப் போகட்டும். முருகன் எங்கும் போய்விட மாட்டான்.

நடையே மருந்து

இரண்டாவது சுழலை அறுப்பது நடை. நாட்பட்ட அடைப்பு நோயாளிகளுக்கு நடை, தசைப் பயிற்சி, நோய் பற்றிய அறிவு மூன்றையும் சேர்த்துச் சில வாரங்கள் அளிக்கும் நுரையீரல் மறுவாழ்வுப் பயிற்சி பெரிய மருத்துவமனைகள் சிலவற்றில் கிடைக்கிறது. இதனால் நுரையீரலின் அளவீடு பெரிதாக மாறுவதில்லை. ஆயினும் நடக்கும் தூரம் கூடுகிறது, திணறல் குறைகிறது, மனச்சோர்வு தணிகிறது.

பயிற்சி நிலையம் எட்டாதவர்கள் மருத்துவரின் சம்மதத்தோடு வீட்டிலேயே தொடங்கலாம். பேசிக்கொண்டே நடக்க முடிகிற வேகம் போதும். முதல் வாரம் தினம் ஐந்து நிமிடம், அடுத்த வாரம் ஏழு நிமிடம் என்று ஏற்றி, நாட்காட்டியில் குறித்து வாருங்கள். ஒரு மாதம் கழித்து அந்த எண்களைப் பார்க்கும்போது வரும் தெம்பு வேறு.

இன்ஹேலர் கூச்சம்

‘பம்பு எடுத்தால் பழக்கமாகிவிடும்’, ‘அது கடைசிக் கட்ட மருந்து’ என்பவை நம்மிடையே வேரூன்றிய தவறான எண்ணங்கள். கணக்கைப் பாருங்கள். சால்புடமால் மாத்திரை ஒன்றில் 4 மில்லிகிராம் மருந்து இருக்கலாம். இன்ஹேலரின் ஓர் அழுத்தில் வருவதோ 100 மைக்ரோகிராம், அதாவது மாத்திரையின் நாற்பதில் ஒரு பங்கு. மருந்து நேரே மூச்சுக்குழலுக்குச் செல்வதால் இந்தச் சிறு அளவே போதுகிறது.

இக்கருவி பிறந்த கதையும் சுவையானது. 1955-இல் அமெரிக்க மருந்து நிறுவனத் தலைவர் ஒருவரின் 13 வயது மகள், ஆஸ்துமாவால் அவதிப்பட்டவள், ‘கூந்தலுக்கு அடிக்கும் ஸ்பிரே போல் என் மருந்தும் ஏன் வரக்கூடாது?’ என்று தந்தையைக் கேட்டாளாம். அடுத்த ஆண்டே அளவிட்டுத் தெளிக்கும் இன்ஹேலர் கடைக்கு வந்துவிட்டது.

உபயோகிக்கும் முறை முக்கியம். குலுக்கி, மூச்சை நன்றாக வெளியே விட்டு, வாயில் வைத்து மெதுவாக இழுக்கத் தொடங்கும்போதே அழுத்தி, பத்து நொடி அடக்கி விட வேண்டும். கையும் மூச்சும் ஒத்துப்போகாதவர்கள் ஸ்பேசர் குழாயைப் பொருத்திக்கொள்ளலாம். ஸ்டீராய்டு கலந்ததாயின் பிறகு வாயைக் கொப்பளித்துத் துப்ப வேண்டும். உடனே ஆறுதல் தரும் மருந்தை மட்டும் நம்பி, அழற்சியைத் தணிக்கும் மருந்தை விட்டுவிடுவது ஆபத்து. 2019 முதல் உலக ஆஸ்துமா வழிகாட்டு நெறிகளும் இதையே வற்புறுத்துகின்றன. நன்றாக இருக்கிறதே என்று நாமாக மருந்தை நிறுத்துவது, மழை விட்டதென்று கூரையைப் பிரிப்பது போல.

அமெரிக்க ஓட்ட வீராங்கனை ஜாக்கி ஜாய்னர்-கெர்சி கல்லூரி நாளில் தமக்கு ஆஸ்துமா என்று அறிந்தபோது, ஓடவிடாமல் தடுத்துவிடுவார்களோ என்று அஞ்சி அதை மறைத்தார். பின்னர் நோயை ஒப்புக்கொண்டு முறையாக மருந்து எடுக்கக் கற்றார். 1988 சியோல், 1992 பார்சிலோனா ஒலிம்பிக்குகளில் ஏழு போட்டிகள் அடங்கிய ஹெப்டத்லானில் தங்கம் வென்றார். மறைக்கும் துணிவைவிட ஒப்புக்கொள்ளும் துணிவு பெரிது.

காற்றைப் பார்த்து நாளை வகுத்தல்

2015 முதல் காற்றுத் தரக் குறியீடு நாள்தோறும் வெளியாகிறது. 200 வரை மிதம், 201 முதல் மோசம், 301 முதல் மிக மோசம், 401-க்கு மேல் கடுமை. வானொலியில் வானிலை கேட்பதுபோல் இதையும் பார்த்து வெளிவேலைகளை வகுக்கலாம். குளிர்காலத்தில் விடியற்காலையைவிட வெயில் ஏறிய பிற்பகலில் காற்று பெரும்பாலும் தேவலை. மார்கழி பஜனையும் வாசல் கோலமும் நமக்கு உயிரானவைதாம். ஆனால் காற்று கடுமையான நாளில் வீட்டுக்குள்ளிருந்தே பாடினால் ஆண்டவன் குறையாக எண்ணமாட்டான். வீட்டுக்குள் சாம்பிராணி, ஊதுவத்தி, கொசுவத்தி, மிளகாய் வறுக்கும் நெடி ஆகியவற்றைக் குறையுங்கள். ஆண்டுதோறும் போடும் ப்ளூ தடுப்பூசி பற்றியும், நிமோனியா தடுப்பூசி பற்றியும் மருத்துவரிடம் கேளுங்கள்.

வீட்டாருக்கு ஒரு வார்த்தை

‘எல்லாம் மனப்பிரமை’ என்று ஒதுக்குவதும் தவறு. ‘நீங்கள் எதையும் தொடாதீர்கள்’ என்று முடக்குவதும் தவறு. உட்கார்ந்து காய் நறுக்கவும், பேரனுக்குத் தமிழ் சொல்லித்தரவும் விடுங்கள். தான் வேண்டப்பட்டவர் என்னும் உணர்வு பெரிய ஊன்றுகோல். தொடர்ந்து தூக்கமின்மையோ, எதிலும் பிடிப்பின்மையோ கண்டால், அதையும் இருமலைப் போலவே மருத்துவரிடம் சொல்ல வேண்டும். இந்நோயாளிகளிடம் மனச்சோர்வு சாதாரணமாகக் காணப்படுவது. அதற்கும் சிகிச்சை உண்டு.

வழக்கமான மருந்துகள், திணறல் கூடினால் செய்ய வேண்டியவை, மருத்துவரின் தொலைபேசி எண் ஆகியவற்றை மருத்துவரிடம் கேட்டு ஒரு தாளில் பெரிய எழுத்தில் எழுதிச் சமையலறைச் சுவரில் ஒட்டுங்கள். ஒரு வாக்கியத்தை முழுதாகப் பேச முடியாமை, உதடு நீலம் பாரித்தல், குழப்பமும் மயக்கமும், இன்ஹேலருக்கு அடங்காத திணறல் ஆகியவற்றில் ஒன்று தெரிந்தாலும் விடியட்டும் என்று காத்திராமல் 112-ஐ அழையுங்கள், அல்லது மருத்துவமனைக்கு விரையுங்கள்.

இந்த வாரத்துக்கான பயிற்சி

அன்பர்கள் மூன்று காரியங்களை மட்டும் செய்து பாருங்கள். தினம் ஐந்து நிமிடம் உதடு குவித்து மூச்சு விடுங்கள். அடுத்த முறை மருத்துவரிடம் போகும்போது இன்ஹேலரை அவர் எதிரிலேயே எடுத்துக் காட்டி, முறை சரிதானா என்று கேளுங்கள். இளைப்புக்கு அஞ்சி நிறுத்திவிட்ட ஒரு வேலையை, பாதி அளவிலாவது, மீண்டும் தொடங்குங்கள். மூச்சு ஓடும் வேகத்தில் வாழ்க்கையை நடத்தினால் போதும். நின்று நின்று ஏறினாலும் படி ஏறியதாகத்தான் கணக்கு.