சீரமும் பிளாஸ்மாவும்: உறைகுளிரில் காக்கும் முறை

மண் மாதிரியைத் தவறாக எடுத்தால் உர சிபாரிசும் தவறிவிடும் என்பதை நீங்கள் அறிவீர்கள். கறவை மாட்டின் இரத்த மாதிரிக்கும் இது பொருந்தும்.

எனக்குத் தெரிந்த விவசாயி ஒருவரின் பசு ஏழாம் மாதத்தில் கன்று வீசிவிட்டது. இரத்தம் எடுத்த மருத்துவர், "குழாயில் உறைந்த பின் கொண்டு வாருங்கள்" என்றார். அவரோ குழாயைக் குளிர்பதனப் பெட்டியின் பனி அறையில் வைத்துவிட்டார். ஆய்வகத்தில் உருகியபோது செந்நீர்தான் மிஞ்சியது, சோதனைக்கு உதவவில்லை. மறுபடி இரத்தம் எடுத்து முடிவு வரும்வரை, அந்தப் பசு மற்ற மாடுகளுடன் ஒரே தொட்டியில்தான் தண்ணீர் குடித்தது.

இரத்தம் கட்டியாவதும் 'உறைதல்', பனிக்கட்டியாவதும் 'உறைதல்'. மருத்துவர் சொன்னது முதலாவது. முழு இரத்தம் பனிக்கட்டியானால் சிவப்பணுக்கள் உடைந்து சாயம் நீரில் கலந்துவிடும்.

சீரமும் பிளாஸ்மாவும்

இரத்தம் கட்டியான பின் தெளியும் வைக்கோல் நிற நீரே சீரம். கட்டியாகாதிருக்க மருந்து கலந்து, சுழற்றிப் பிரித்தெடுப்பது பிளாஸ்மா. எந்தக் குழாய் என்பதும் முக்கியம். இ.டி.டி.ஏ. என்னும் மருந்து சுண்ணாம்புச் சத்தைப் பிடித்துக்கொள்வதால், பால் காய்ச்சல் கண்ட பசுவின் சுண்ணாம்பு அளவை அக்குழாயில் காண இயலாது.

எவ்வாறு காப்பது?

உலர்ந்த, தூய குழாயில் எடுத்த இரத்தத்தைக் குலுக்காமல், நிழலில் ஓரிரு மணி நேரம் வைக்கவும். பிரிந்த சீரத்தை வேறு குழாய்க்கு மாற்றவும். சில நாட்களுக்குள் சோதிப்பதானால் 2 முதல் 8 டிகிரி சென்டிகிரேடு குளிர் போதும். மாதக்கணக்கில் வைக்க மைனஸ் 20 டிகிரியும், நெடுநாள் வைக்க மைனஸ் 70 டிகிரியும் அதற்குக் கீழும் ஏற்றவை. கன்று வீச்சு நோயைக் காட்டும் எதிர்ப்பொருள்கள் உறைகுளிரில் ஆண்டுக்கணக்கில் நிலைக்கும். சில நொதிகளோ விரைவில் வீரியம் இழக்கும்.

உருகி உருகி மீண்டும் உறைவதே பெருங்கேடு. மின்தடையின்போது வீட்டுப் பெட்டியில் இது நேரும். எனவே சிறு சிறு பங்குகளாகப் பிரித்து வைத்து, ஒரு பங்கை ஒரே முறை உருக்க வேண்டும். உருகியதும் சத்துக்கள் அடியில் தங்குமாதலால், மெதுவாகக் கவிழ்த்துக் கலந்த பின்னரே அளக்க வேண்டும்.

வெற்றுச் சீரம்

மாட்டின் இரத்தத்தில் மருந்து எவ்வளவு உள்ளது என்று அளக்க ஓர் அளவுகோல் வேண்டும். மருந்தே செலுத்தப்படாத மாட்டின் சீரத்தில், தெரிந்த அளவு மருந்தைக் கலந்து அதை அமைக்கிறார்கள். இதுவே வெற்றுச் சீரம். பிளாஸ்மாவையும் இவ்வாறு பயன்படுத்துவர். ஆனால் உறைந்து உருகிய பிளாஸ்மாவில் நார் போன்ற திரிகள் தோன்றும். சேமிப்பில் கரியமில வாயு வெளியேறினால் காரத்தன்மையும் உயரும். ஆகவே, கலந்த மருந்து குறைந்தது மூன்று முறை உறைந்து உருகியும் அளவு மாறாதிருக்கிறதா என்று சோதிக்க வேண்டும் என 2022-ஆம் ஆண்டின் ஐ.சி.எச். எம்10 வழிகாட்டுதல் கூறுகிறது. சராசரி மாறுதல் 15 சதவீதத்துக்கு மேற்படலாகாது.

இத்தகைய சோதனைக்கு உங்கள் மாட்டின் இரத்தத்தைக் கேட்டால், போட்ட ஊசி, கொடுத்த குடற்புழு மருந்து அனைத்தையும் மறைக்காமல் சொல்லுங்கள். வெற்று என்று நம்பியது வெற்றாக இல்லாவிடில் அளவுகோலே கோணிவிடும்.

நினைவில் கொள்க

1. முழு இரத்தத்தைப் பனி அறையில் வைக்காதீர்.
2. மாட்டின் காதணி எண், தேதி, கொடுத்த மருந்து ஆகியவற்றை எழுதி ஒட்டுக.
3. கிடேரிக் கன்றுக்குக் கன்று வீச்சுத் தடுப்பூசி போட்டிருந்தால் தெரிவிக்கவும். அதனாலும் எதிர்ப்பொருள் தோன்றும்.
4. பனிக்கட்டியிட்ட பெட்டியில், குழாய் பனிக்கட்டியில் நேராகப் படாமல் எடுத்துச் செல்க.

குளிர், நல்ல மாதிரியைக் காக்கும். கெட்ட மாதிரியைத் திருத்தாது. தொழுவத்தில் நாம் காட்டும் கவனமே ஆய்வகத்தில் சரியான முடிவாக நமக்குத் திரும்பி வரும்.